63 வயதில் கரையேறிய அப்பாவுக்கு என்ன வேலை பழக்கலாம்?

#1 வாடைக்காற்று

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வருகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஊர் பாம்பன் பக்கம். அப்பாவுக்கு 63. பதினைந்து வயதில் நாட்டுப்படகில் ஏறியவர். போன வாடையில் வலது தோள்பட்டை கைவிட்டுவிட்டது, வலை இழுக்க முடியவில்லை. கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகில் எங்கள் பங்கைச் சித்தப்பா மகனிடம் விட்டாயிற்று.

இப்போதும் நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார். கடற்கரைக்குப் போய்க் காற்றைப் பார்க்கிறார். திரும்பி வந்து டீ குடிக்கிறார். அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. பத்து மணிக்குள் அம்மாவோடு இரண்டு சண்டை முடிந்திருக்கும். நான் மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அதை அவர் தொடுவதில்லை. போன வாரம் போனில், "கிழிஞ்ச வலைய சுருட்டி மூலைல வச்ச மாதிரி வச்சிட்டீங்கடா" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏதாவது தொழில் பழகட்டும் என்று ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போனேன். மேசையில் இருந்த பையன் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம், "சார், பயிற்சி உங்களுக்கா?" என்றான். அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ராமநாதபுரம் கடலோரத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள். 60 தாண்டியவர்கள் புதிதாக ஒரு வேலையைப் பழகி நிலைத்த கதை உங்கள் வீட்டில் உண்டா? எது சரிப்பட்டது, எது ஏமாற்றியது?

#2 சும்மா வந்தவன்

48 வருஷம் கடலில் உழைத்த மனுஷன். பேரன் பேத்தியோடு இருக்கட்டும், கோயிலுக்குப் போகட்டும். 63 வயதில் என்ன பயிற்சி? விட்டுவிடுங்கள் தம்பி.

#3 வாடைக்காற்று

அண்ணே, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓய்வு வேண்டும் என்று அவர் கேட்டால் நான் ஏன் இங்கே வந்து எழுதப் போகிறேன்? பேரன் மதுரையில் இருக்கிறான். இங்கே வந்து மூன்று நாள் இருந்தார், நாலாம் நாள் பையைத் தூக்கிவிட்டார். "காத்தே இல்லாத ஊருல எப்படிடா இருக்கீங்க?" என்றுதான் கேட்டார்.

#4 முண்டுமிளகாய்

நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். தினமும் இந்த வயதுக் கணக்கோடுதான் பிழைப்பு. அதனால் உங்கள் அப்பாவை அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு எனக்கு ஆச்சரியமே இல்லை.

மத்திய அரசின் கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம் 15 வயதிலிருந்து 35 வரைக்கும்தான், பெண்களுக்கு 45. வங்கிகள் நடத்தும் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையங்களில் 18 முதல் 45 என்றே பல ஆண்டு இருந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டை 16 முதல் 59 வரை. மீன்பிடிக் குறைவு காலத்துக்கான சேமிப்பு நிவாரணம் 18 முதல் 60.

இனி நிஜமான வேடிக்கை. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் படகு கட்டுகிறவர், மீன்வலை செய்கிறவர் என்று தனித் தனியாகவே தொழில் போட்டிருக்கிறார்கள். பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் படி, கருவி வாங்க 15,000. 18 வயது நிரம்பியிருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. ஆனால் அது குலத்தொழிலுக்குள் ஆளைக் கட்டிப்போடும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குலம் கோத்திரம் கேட்கமாட்டார்கள், நல்ல விஷயம். ஆனால் வயது 35 முதல் 55. ஆக, 63 வயது வலைக்காரர் இரண்டு ஓடத்துக்கும் நடுவில் தண்ணீரில் நிற்கிறார். அரசியல் பேசவில்லை, விண்ணப்பத்தில் இருப்பதைச் சொல்கிறேன்.

60-க்கு மேற்பட்டவர்களுக்கென்றே வேலைவாய்ப்புத் தளம் ஒன்று 2021 அக்டோபரில் மத்திய அரசு திறந்தது. நானே சிலருக்குப் பதிந்து கொடுத்தேன். கல்வித் தகுதி, முன்அனுபவம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். ஒரு பெரியவர், "அனுபவம்னா, இந்தக் கடல்ல எங்க பாறை இருக்குன்னு எழுதலாமா?" என்றார். அதற்குக் கட்டம் இல்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். மீனவர் விபத்துக் காப்பீடு 70 வயது வரை உண்டு, 5 லட்சம். அப்பா கரையில் வேறு வேலைக்குப் போனாலும் சங்க உறுப்பினர் அட்டையை விட்டுவிடாதீர்கள். கோபத்தில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

#5 பாசிக்காரி மகள்

எங்கள் வீடு சின்னப்பாலத்துக்குப் பக்கம். அம்மாவுக்கு 61. இன்னும் பாசி வேலைக்குப் போகிறாள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு: இங்கே பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிப்பார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-ல் தேசியப் பூங்காவுக்குள் போனதிலிருந்து இந்தத் தொழில் பயந்து பயந்துதான் நடக்கிறது. எங்கள் பெண்களும் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கிடைத்தது இந்தப் பெண்களைக் கூட்டி நின்றதற்குத்தான்.

அம்மாவுக்கு இரண்டு வருஷமாகக் காது அடைப்பு. மூழ்கக் கூடாது. என்ன செய்வது என்று தேடும்போதுதான் மிதவைப் பாசி வளர்ப்பு வந்தது. எங்கள் பக்கம் இன்னும் பெப்சி பாசி என்றுதான் சொல்வார்கள், 2000-த்தின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனிதான் இதை இங்கே கொண்டுவந்தது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் 20 கயிறு. ஒரு கயிற்றில் 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. கணக்குப் போட்டால் ஒரு மிதவைக்கு 60 கிலோ. 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் வரும். காய்ந்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும்.

இதில் கடலில் இறங்கிச் செய்கிற வேலை கொஞ்சம்தான். நேரம் பிடிப்பது கரையில் உட்கார்ந்து விதை கட்டுவது. 400 முடிச்சு! இறுக்கினால் பாசி வெட்டுப்படும், தளர்த்தினால் அலையில் போய்விடும். அந்தக் கைப்பதம் அம்மா வயதுப் பெண்களுக்கு வந்த மாதிரி எங்களுக்கு வரவில்லை. இப்போது நாலு வீட்டு மிதவைகளுக்கு அம்மாவும் இன்னும் மூன்று கிழவிகளும் விதை கட்டுகிறார்கள். கயிற்றுக்கு இவ்வளவு என்று கூலி. தண்ணீரில் இறங்குவது எங்கள் வேலை.

இதைப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சியில் எல்லாரும் எல்லாம் செய்ய வேண்டும் என்றார்கள். மிதவையைத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா கால் வழுக்கி விழுந்தாள். அதற்கப்புறம்தான் நாங்களே வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வடகடல் (பாக் விரிகுடா) பக்கம்தான் போடலாம். தென்கடலில் (மன்னார் வளைகுடா) குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல் இந்தப் பாசி படர்ந்ததை 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள், அந்தப் பயம் நியாயமானது. மழைக்கால மாதங்களில் வாடை அடித்தால் மிதவை நிற்காது. 2013-ல் தண்ணீர்ச் சூட்டில் பாசி வெளுத்துக் கொத்துக் கொத்தாகச் செத்துப் போனதை மறக்கவே முடியாது. விலையும் வாங்குகிற கம்பெனி சொல்வதுதான். இதை மட்டும் நம்பி வீட்டை ஓட்ட முடியாது. கூடுதல் வருமானம் என்று வைத்துக்கொண்டால் சரி.

#6 துபாய் கீழக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி, கூண்டில் மீன் வளர்க்கலாமே? மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2010-லேயே கடல்விராலைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். ஆறேழு மாதத்தில் இரண்டரை, மூன்று கிலோ வருகிற மீன். நானும் இரண்டு கூட்டாளிகளும் பணம் போடத் தயார். உங்கள் அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.

#7 வாடைக்காற்று

நன்றி காக்கா. அப்பாவிடம் கேட்டேன். அவர் பதிலை அப்படியே தருகிறேன்: "அடுத்தவன் காசுல மீன் வளத்து, புயல்ல கூண்டு போனா அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

#8 துபாய் கீழக்கரை

எங்கள் வாப்பாவும் இதையேதான் சொல்லியிருப்பார். சரி, கூண்டு வைத்திருக்கிற யாரிடமாவது தீனி போடுகிற ஆளாகச் சம்பளத்துக்கு இருக்கலாம் இல்லையா? காலையும் மாலையும்தான் தீனி. மீன் சுணங்குகிறதா, வலையில் பாசி அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் பழகிய கண் வேண்டும். முதல் போட்டவன் ஒருத்தன், கண் வைத்திருக்கிறவன் ஒருத்தன். நட்டம் முதல் போட்டவனோடு போகட்டும்.

#9 கரும்பலகை

இந்த இழையைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. 20 வருஷத்துக்கு மேல் கடலோர ஊர்களில் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருந்தேன். இப்போது எனக்கே 66. அதனால் குற்றத்தை ஒப்புக்கொள்வதில் நட்டமில்லை.

தேவிபட்டினம் பக்கம் ஒரு ஊரில் கருவாடு பதப்படுத்தும் பயிற்சி. மூன்று நாள். முதல் நாள் முழுக்கத் திரையில் படம் ஓட்டினேன். கிருமி, ஈரப்பதம், பொட்டலம், முத்திரை. முன்வரிசையில் எழுபதை ஒட்டிய ஒரு ஆத்தா. மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டது: "தம்பி, நீ ஒருநாளாவது கருவாடு காயப் போட்டிருக்கியா?" இல்லை என்றேன். "அப்ப சாயங்காலம் வீட்டுப் பக்கம் வா." போனேன். நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று நான் எழுதிப் போட்டதை அந்த ஆத்தா கையால் அள்ளிப் போட்டது. மீனின் கொழுப்பைப் பார்த்து, அன்றைக்கு அடித்த காற்றைப் பார்த்து அள்ளுகிற அளவு மாறியது. எனக்கு அங்கே சொல்லிக்கொடுக்க ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது: மணலில் போடாமல் பரண் கட்டிக் காயப் போடுவது.

அதையும் தப்பாகத்தான் சொன்னேன். மண் ஒட்டாது, விலை கூடும் என்று மூன்று நாள் பேசினேன், யாருக்கும் ஏறவில்லை. பரணை இடுப்பு உயரத்துக்குக் கட்டிக் காட்டியதும் அதே ஆத்தா, "அட, குனிய வேணாமா!" என்றது. அடுத்த மாதம் போனால் அந்தத் தெருவில் ஆறு பரண். விலைக்காக ஒருத்தரும் கட்டவில்லை, முதுகுக்காகக் கட்டினார்கள். வயதானவர்களுக்குப் புது வேலை என்று யார் பேசினாலும் நான் முதலில் முதுகு, கண், முழங்கால் மூன்றையும்தான் கேட்கிறேன்.

கண் என்றதும் ஒன்று. அசாமில் தேயிலை பறிப்பவர்களிடம் ஒரு சோதனை நடத்தி 2018-ல் வெளியிட்டார்கள். 40 வயதுக்கு மேற்பட்ட, கிட்டத்தில் பார்வை மங்கியவர்கள் 751 பேர். பாதிப் பேருக்குக் கிட்டத்தில் பார்க்கிற சாதாரணக் கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்குச் சோதனை முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கூடியது. பயிற்சி ஒன்றும் கிடையாது, வெறும் கண்ணாடி. என் வகுப்புகளில் "இவருக்கு வயசாச்சு, ஏறமாட்டேங்குது" என்று நான் ஒதுக்கிய எத்தனை பேருக்கு எழுத்தே தெரியவில்லையோ!

தம்பி, அப்பாவுக்குக் கடைசியாக எப்போது கண் பார்த்தீர்கள்?

#10 வாடைக்காற்று

பார்த்ததே இல்லை சார். தூரத்துப் படகை எண்ணைச் சொல்லி அடையாளம் காட்டுவார், அதனால் கண் நன்றாக இருக்கிறது என்று நினைத்தோம். இப்போது யோசித்தால், போனைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் பார்க்கிறார். சனிக்கிழமை கூட்டிப் போகிறேன்.

#11 சும்மா வந்தவன்

எல்லாம் சரி. ஆனால் பெரியவர்கள் கூலிக்கு உட்கார்ந்தால் இளவட்டங்களுக்கு வேலை போகாதா? ஏற்கெனவே எங்கள் தெருவில் படித்த பையன்கள் சும்மா திரிகிறார்கள். மதியம் கேரம்போர்டுதான்.

#12 பனையடி

அந்தப் பையன்கள் 400 முடிச்சுப் போட உட்காருவார்களா என்று முதலில் கேளுங்கள் அண்ணே.

இதே கேள்வி ஜப்பானிலும் வந்தது. 1970-களின் நடுவில் தோக்கியோவில் 60 தாண்டியவர்களுக்கென்று ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள், 'வெள்ளி மனிதவள மையம்' என்று சொல்லலாம் (நரைத்த தலைக்கு அங்கே வெள்ளி). இப்போது நாடு முழுக்க இருக்கிறது. தோட்டம் வெட்டுவது, கதவு சன்னல் காகிதம் ஒட்டுவது, சைக்கிள் நிறுத்தம் பார்ப்பது மாதிரி லேசான, கொஞ்ச நேர வேலைகளை மையம் ஊரிலிருந்து வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஒருத்தருக்கு மாதத்தில் பத்து நாள் போல. முழுநேரச் சம்பளக்காரனின் வேலையோடு மோதக் கூடாது என்பதும் அந்த வரம்புக்கு ஒரு காரணம்.

#13 பாசிக்காரி மகள்

மாதத்தில் பத்து நாளா? எங்கள் கிழவிகளின் 12 நாள் கணக்கை அவர்கள் எங்கே பார்த்தார்கள்! அம்மாவிடம் சொன்னேன். "பாசி வளரணும்னு நாள விட்டோம். இப்ப பாத்தா அந்த லீவுலதான் எங்க உடம்பும் வளந்திருக்கு" என்கிறாள்.

#14 ஓடாவி வீட்டுப் பிள்ளை

தாத்தா ஓடாவி. மரத்தில் வல்லம் கட்டியவர். ஃபைபர் படகு வந்ததும் கையில் வேலை இல்லாமல் எட்டு வருஷம் உளியைத் தீட்டித் தீட்டி வைத்துக்கொண்டிருந்தார். தினமும் தீட்டுவார், எதையும் செதுக்கமாட்டார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

தொண்டிப் பக்கம் ஃபைபர் ஒட்டுப் போடுகிற ஒரு பையனுக்கு அடிக்கட்டை வளைவு சரியாக வரவில்லை. ஒட்டின படகு ஒரு பக்கமாகச் சாயும். யாரோ சொல்லித் தாத்தாவிடம் வந்தான். இவர் போய்ப் படகைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான் வேலை. அன்றிலிருந்து பையன் பிசின் கலப்பான், நார் விரிப்பான், தாத்தா அளவு பார்ப்பார். வாரத்தில் இரண்டு மூன்று நாள். பிசின் வாடை ஆகாது என்பதால் ஒட்டுகிற நேரத்தில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், இது அவரே வைத்த சட்டம். 71 வயதில் ஃபைபர் பழகினார் என்று ஊரில் சொல்கிறார்கள். அவர் ஃபைபரைக் கையால் தொட்டதே இல்லை!

பணத்தில் மட்டும் மனக்கசப்பு வந்தது. "தாத்தா சும்மா பார்க்கத்தானே செய்கிறார்" என்று பையன் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தே ஓட்டினான். பாட்டிதான் போய், "கோடு போடுறதுக்கு எவ்வளவு?" என்று நேரில் கேட்டுத் தொகையை முடிவு செய்தாள். இதை மறக்காதீர்கள் வாடைக்காற்று. முதல் நாளே பேசிவிடுங்கள். பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், உள்ளே வைத்துப் புழுங்குவார்கள்.

#15 முண்டுமிளகாய்

"கோடு போடுறதுக்கு எவ்வளவு" – பாட்டிக்கு என் சார்பில் ஒரு கும்பிடு.

#16 சதுப்புநிலத்தான்

காரங்காட்டில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டும் படகுச் சவாரியை வனத்துறை ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடத்துகிறது. அங்கே படகோட்டுவதைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கடல் தெரிந்த பெரியவர்களுக்குப் பொருந்துகிற வேலைதான். நீர் ஏற்ற இறக்கம், எந்த மரத்தில் எந்தப் பறவை என்பதெல்லாம் வகுப்பு எடுக்காமலே தெரியும். ஆனால் சனி ஞாயிறு கூட்டம், மற்ற நாள் காற்று வாங்கும். இன்னொன்று, எல்லாருக்கும் வாய் வராது. எங்கள் பெரியப்பாவுக்கு மரம், நண்டு, நாரை எல்லாம் தெரியும். வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டே கேட்டால் கோபம் வந்துவிடும். இரண்டாம் மாதமே இறங்கிக்கொண்டார்.

#17 பனையடி

கடல் ஓசை 90.4-இல் போய்ப் பேசச் சொல்லலாமே உங்கள் பெரியப்பாவை. 2016-லிருந்து பாம்பனில் மீனவர்களுக்காகவே ஓடுகிற வானொலி. ஒலிவாங்கி செல்ஃபி எடுக்காது.

#18 ஏலக்கடை

இங்கே நல்ல நெத்திலிக் கருவாடு யாரிடம் கிடைக்கும்? கரும்பலகை சார் சொன்ன அந்தத் தெரு எது?

#19 கரும்பலகை

இழை திசைமாறுகிறது ஐயா, தனிச்செய்தியில் வாருங்கள். (பரண் கருவாடுதான் வாங்க வேண்டும், சொல்லிவிட்டேன்.)

#20 ஏலக்கடை

சரி, கேட்டதற்குப் பிராயச்சித்தமாக ஒரு கதை. எங்கள் பெரியம்மா 67 வயதில் கூடையில் மீன் விற்கிறாள். படிக்கத் தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் போனில் பணம் போடுகிறேன் என்று நின்றார்கள். பேத்தி பணம் வாங்குகிற கியூஆர் அட்டை வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் ஒருத்தன் பணம் போட்டதாகப் படத்தைக் காட்டிவிட்டு ஒரு கிலோ வஞ்சிரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பணம் வரவே இல்லை. பெரியம்மா அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

அப்புறம் தொகையை வாயால் சொல்கிற அந்தப் பெட்டி வந்தது. இப்போது அவளுடைய சட்டம் ஒன்றே: "பெட்டி பேசுனாத்தான் மீனு." வரிசையில் இருக்கிற மற்றக் கிழவிகளுக்கும் அவளேதான் வாத்தியார். பேத்தி ஒரு வாரம் சொல்லியும் ஏறாததை இவள் ஐந்து நிமிஷத்தில் ஏற்றிவிடுகிறாள். காரணம் கேட்டேன். "அவ ஏமாந்ததில்ல, நான் ஏமாந்தவ" என்றாள்.

#21 வாடைக்காற்று

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கண். கரும்பலகை சார் சொன்னபடி பார்த்தோம். இடது கண்ணில் புரை தொடக்கம், இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார்கள். கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி. போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மூலையில் கிடந்த நண்டுவலையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத இவ்வளவு கேவலமா தச்சது யாரு?" என்றார். போன வருஷம் தைத்தது அவர்தான்! அம்மா சிரித்த சிரிப்பில் அன்றைக்குச் சண்டை இல்லை.

வேலை எதையும் நாங்கள் தேடிக் கொடுக்கவில்லை. சித்தப்பா மகன் புது வலை வாங்கி வந்தான். மிதப்பும் ஈயமும் கோர்க்கணும். வழக்கமாகக் கூலிக்கு ஆள் வைப்பான். அப்பா தோளைத் தூக்காமல் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். மேல்கயிற்றை வாசல் தூணுக்கும் வேப்பமரத்துக்கும் இடையில் நெஞ்சு உயரத்தில் இழுத்துக் கட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே நகர்கிறார். ஸ்டூலுக்குச் சக்கரம் வைத்தது மட்டும் என் பங்கு. மதுரையில் ஒரு பழைய ஆபீஸ் நாற்காலியின் அடிப்பகுதி கிடைத்தது. மணல் வாசலில் சக்கரம் ஓடாது என்று அப்புறம்தான் உறைத்தது, இரண்டு பலகை போட்டோம்.

அந்த வலையைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கொண்டுவந்தார்கள். ஓடாவி வீட்டுப் பிள்ளை சொன்ன புத்திமதிப்படி முதல் நாளே கூலி பேசச் சொன்னேன். "சொந்தக்காரன்கிட்ட எப்படிடா?" என்றார். அம்மா பேசினாள். ஒருத்தன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான், பத்து நாளில் திரும்பி வந்தான்.

ஒரு பையன் பழக வருகிறான். பத்தொன்பது வயது, கேரம்போர்டு கோஷ்டிதான் (சும்மா வந்தவன் அண்ணே, உங்களுக்காகச் சொல்கிறேன்). கனமான வலைச் சுருளைத் தூக்குவதும் பிரிப்பதும் அவன். கண்ணி அளவு பார்த்து, எங்கே எத்தனை ஈயம் என்று சொல்வது இவர். எதற்கு அங்கே கூடுதல் ஈயம் என்று அவன் கேட்டால் நீவாடு (கடல் நீரோட்டம்), பாறை, கச்சான் காற்று என்று அப்பா தொடங்கிவிடுவார், மதியம் வரை போகும். சில நாள் அவன் போனில் பதிவு செய்கிறான். காலையில் காற்றைப் பார்த்துவிட்டு அப்பா குரல்செய்தி அனுப்பவும் அவன்தான் பழக்கினான். எழுத்து வேண்டாம், மைக்கை அமுக்கிப் பேசினால் போதும் என்றதும் பிடித்துக்கொண்டார். இப்போது எனக்கும் மதுரைக்கு நாலரை மணிக்குக் காற்று நிலவரம் வருகிறது. நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வாரத்தில் மூன்று நாள் வேலை, சில வாரம் ஒன்றும் இல்லை. அந்த வாரங்களில் பழையபடி முகம் இருண்டுவிடுகிறது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது விசைப்படகுக்குத்தான் என்றாலும், அந்த 61 நாளில்தான் எல்லாருக்கும் வலை வேலை நிறைய வருமாம், அதுவரை இப்படித்தான் என்கிறார். படகுகள் போகிற நேரத்தில் மட்டும் தெருவாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பாசிக்காரி மகளுக்கு ஒரு கேள்வி. வலை இல்லாத வாரங்களில் விதை கட்ட வரட்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவள் வருவதென்றால் அவரும் வருவாராம். ஆனால் பெண்கள் நடுவில் ஆம்பிளை ஒருத்தன் உட்கார்ந்தால் கேலி பண்ணுவார்களோ என்று தயங்குகிறார். முதல் நாளே 20 கயிறும் கட்டணுமா?

#22 பாசிக்காரி மகள்

கேலி கட்டாயம் பண்ணுவார்கள். அதற்குத் தயாராக வரச் சொல்லுங்கள், எங்கள் அம்மா முதல் ஆளாக இருப்பாள்.

20 கயிறு வேண்டாம், முதல் நாளைக்கு ஆறு போதும். வலை முடிச்சு பழகின கை இறுக்கிக் கட்டும், பாசிக்கு அது ஆகாது. அதை மறக்கத்தான் அவருக்கு ஒரு வாரம் ஆகும். வெயிலுக்கு முன்னால் முடிக்கிறோம், ஆறு மணிக்கு வந்தால் சரி. கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். போன வாரம் ஒரு ஆத்தா குனிந்தபோது கண்ணாடி தண்ணீருக்குள் போய்விட்டது, நாலு பேர் மூழ்கியும் கிடைக்கவில்லை.